அநாதை அலையும் நாங்களும்

2018 தை 23. இரவு இரண்டு மணி கழிந்திருக்கும். கனடாவின் வன்கூவர் தீவில், பசுபிக் கடலைப் பார்த்தபடி இருக்கும் ஒரு சின்ன ஊர். கோடையில் உல்லாசப் பயணிகள் வருவார்கள், மற்ற நாட்களில் மழை வரும். நாங்கள் வேலைசெய்த றெஸ்ரோரண்டுக்குப் பின்னால் வேலைக்காரருக்கென்று இருந்த வீட்டில் மூன்று பேரும் படுத்திருந்தோம். குசினியைக் கழுவிப் பூட்டிவிட்டு வந்து அதிக நேரமாகவில்லை. சைரன் ஊதத் தொடங்கியது.

வன்னியில் எங்களுக்குச் சைரன் ஊதியதில்லை. கிபிர் இரைச்சல்தான் சைரன். ஆகவே நாங்கள் முதலில் செய்தது கட்டிலிலிருந்து உருண்டு நிலத்தில் குப்புறப் படுத்தது. யாரோ கதவில் இடித்து, மேலே போங்கள், அலை வரப்போகிறது என்று ஆங்கிலத்தில் கத்திவிட்டு ஓடினார்கள். படுத்துப் பழகிய உடம்பை எழுப்பி ஓட வைப்பதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

மேட்டிலிருந்த பள்ளிக்கூட மண்டபத்தில் ஊரே நின்றது. நாய்களோடும் போர்வைகளோடும் கோப்பிப் போத்தல்களோடும் வந்திருந்தார்கள். அலாஸ்காக் குடாவில் 7.9 அளவில் நிலம் அதிர்ந்திருந்தது. அதிகாலை நாலரை மணியளவில் எச்சரிக்கையை நீக்கினார்கள். வந்த அலை சென்ரிமீற்றரில் அளக்கக்கூடிய அலைதான். சிலர் சிரித்தார்கள். நாங்கள் சிரிக்கவில்லை. எங்களில் ஒருவன் சப்பாத்துப் போடாமல் வந்திருந்தான். ஆனால் கடதாசிகள் வைத்திருக்கும் பைலை மறக்காமல் எடுத்து வந்து, நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். ஏன் என்று மற்ற இரண்டு பேருக்கும் தெரியும். ஒருவரும் கதைக்கவில்லை. காலை ஏழு மணிக்கு முட்டை பொரிக்கத் தொடங்கினோம்.

நாங்கள் மூவரும் முல்லைத்தீவுக்கு வடக்கே, கடலுக்கும் நந்திக்கடலுக்கும் நடுவிலுள்ள ஒடுங்கிய மணல் நிலத்தைச் சேர்ந்தவர்கள். 2004 மார்கழி 26இல் எங்களுக்குப் பதினாறு, பதினேழு வயது. 2009இல் என்ன நடந்தது என்று இதை வாசிப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2010 ஆவணியில் 492 பேரோடு ஒரு கப்பலில் இந்தக் கரைக்கு வந்து சேர்ந்தோம். எங்களில் ஒருவர் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்துக்குப் புவியியல் படிக்கத் தெரிவானவர். பாதை பூட்டிக் கிடந்ததால் போக முடியவில்லை. முகாமிலிருந்து வெளியே வந்தபிறகு சில மாதங்கள் வகுப்பில் இருந்தார். அவ்வளவுதான் எங்கள் எல்லோருடைய பட்டப்படிப்பும்.

சைரன் ஊதியதற்கு அடுத்த வருடக் கோடையில், சேற்றுச் சப்பாத்துகளோடு ஒரு கூட்டம் எங்கள் றெஸ்ரோரண்டுக்குச் சாப்பிட வரத் தொடங்கியது. கனடா, அமெரிக்கா, யப்பான் என்று மூன்று நாட்டு மாணவர்களும் அவர்களுடைய ஆசிரியர்களும். பகலில் கழிமுகத்துச் சதுப்பில் மண்வெட்டியால் வெட்டுவார்கள், இரவில் சூப்புக் குடிப்பார்கள். கடைசி நாள் ஊர் மண்டபத்தில் எல்லோருக்கும் விளக்கக் கூட்டம் வைத்தார்கள். சூப்பு அண்டாவைத் தூக்கிக்கொண்டு போனவர்கள் நாங்கள். அண்டா காலியாகும்வரை நிற்கவேண்டும் என்பதால் பின் சுவரோடு நின்று முழுவதையும் கேட்டோம். அன்றைக்குக் கேட்டதையும் பிறகு தேடி வாசித்ததையும் சேர்த்துத்தான் இங்கே எழுதுகிறோம்.

இந்தக் கரைக்கு வெளியே, வன்கூவர் தீவின் வடபகுதியிலிருந்து கலிபோர்னியாவின் வடபகுதி வரை ஏறத்தாழ 1000 கிலோமீற்றர் நீளத்துக்கு, கடலடித் தகடு ஒன்று கண்டத்தகட்டின் கீழே புகுந்துகொண்டிருக்கிறது. வருடத்துக்கு நாலு சென்ரிமீற்றர் அளவில். நகம் வளருவதும் அப்படியான வேகத்தில்தான். இப்படி ஒரு தகடு மற்றதன் கீழே போகும் இடத்தை அமிழ்வு வலயம் என்கிறார்கள். இந்த வலயத்துக்குப் பெயர் கஸ்கேடியா. வழுக்கிக்கொண்டே போனால் பிரச்சினை இல்லை. இரண்டும் கொழுவிக்கொள்கின்றன. கீழே போவது மேலேயிருப்பதன் விளிம்பையும் இழுத்துக்கொண்டு போகிறது. பள்ளிக்கூடத்தில் மேசை விளிம்பில் அடிமட்டத்தை வைத்து வளைத்து விடுவோமே, அதே கதை. நூற்றுக்கணக்கான வருடம் வளைந்தது ஒருநாள் விடுபடுகிறது. கடலடி மேலே எகிறி முழுக் கடலையும் தூக்குகிறது. அதேநேரம் கரையோர நிலம் ஒரு மீற்றர், இரண்டு மீற்றர் கீழே இறங்குகிறது. 2018இல் வந்த அலை சின்னதாக இருந்ததற்குக் காரணம், அந்த முறை கடலடி பக்கவாட்டாகத்தான் நழுவியது. தூக்கவில்லை.

1980கள் வரை இந்தக் கரையில் அப்படியொன்று நடக்குமா என்றே விஞ்ஞானிகளுக்குள் சந்தேகம் இருந்தது. இங்கே வெள்ளைக்காரர் எழுதிவைத்த சரித்திரத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பிறகு பிரையன் அட்வாட்டர் என்ற அமெரிக்கர் வாஷிங்டன் மாநிலத்துக் கழிமுகங்களில் இறங்கி மண்ணை வெட்டிப் பார்த்தார். புல் முளைத்திருந்த பழைய சதுப்பு மண், அதற்கு மேலே கடல்மணல், அதற்கு மேலே சேறு. நிலம் திடீரென்று கீழே இறங்கியிருக்கிறது, உடனே கடல் மணலோடு ஏறியிருக்கிறது என்று 1987இல் எழுதினார். கோப்பலிஸ் என்ற ஆற்றங்கரையில் செத்து நரைத்துப்போன சீடர் மரங்கள் நூற்றாண்டுகளாக நின்றபடியே நிற்கின்றன. உப்புத்தண்ணீர் குடித்துச் செத்த காடு. ஆனால் எப்போது செத்தது? கரிமக் கணக்கு 1700ஐ ஒட்டிய காலம் என்றுமட்டும் சொன்னது. அதற்குமேல் மண்ணால் சொல்ல முடியவில்லை.

கடலுக்கு மறுகரையில் யப்பானில் வேறொரு புதிர் இருந்தது. 1700 தை கடைசியில் ஒரு நள்ளிரவில் அலைகள் ஏறிய செய்தி பல ஊர்ப் பதிவுகளில் இருந்தது. குவாகசாகியில் வீடுகள் உடைந்தன, தீயும் பிடித்தது. வீடிழந்தவர்களுக்கு அரிசி கொடுத்திருக்கிறார்கள், அதை எழுதியும் வைத்திருக்கிறார்கள். நக்காமினாத்தோவுக்கு வெளியே அரிசி ஏற்றிய படகு ஒன்று அழிந்ததற்குச் சான்றுப்பத்திரம் இருக்கிறது. மிஹோ என்ற ஊரின் தலைவர், நிலம் அதிராமலே கடல் ஏறியதைப் பார்த்து ஒன்றும் விளங்காமல், கிழவர்களையும் பிள்ளைகளையும் கோவிலடிக்குப் போகச் சொல்லியிருக்கிறார். தாயாகிய நிலநடுக்கம் இல்லாமல் பிள்ளையாகிய அலை மட்டும் வந்ததால் அதற்கு ‘அநாதை அலை’ என்று பிற்காலத்தில் பெயர் வந்தது.

ஒரு கரையில் மண் இருந்தது, திகதி இல்லை. மற்றக் கரையில் திகதி இருந்தது, காரணம் இல்லை. 1996இல் கென்ஜி சாடாகேயும் மற்ற யப்பானிய ஆய்வாளர்களும் இரண்டையும் பொருத்தினார்கள். அலை பசுபிக்கைக் கடக்கப் பத்து மணித்தியாலம் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, இங்கே 1700 தை 26 இரவு ஒன்பது மணியளவில் நிலம் அதிர்ந்தது என்றார்கள். டேவிட் யமகுச்சி என்பவரும் அட்வாட்டரும் வேறு சிலரும் செத்த சீடர்களின் வேர்களைத் தோண்டி எடுத்து, பட்டைக்குக் கீழேயுள்ள கடைசி வளையத்தைப் பார்த்தார்கள். 1699இன் வளையம் முழுதாக இருந்தது, 1700இன் வளையம் இல்லை. 1997இல் அது வெளியானது. இரண்டு நாட்டாரும் சேர்ந்து 2005இல் அந்த அநாதை அலையைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்கள். ஐம்பது, அறுபது வருடங்களுக்கு முன்பு ஒருவர்மேல் ஒருவர் குண்டுபோட்ட இரண்டு நாடுகள் என்பதையும் நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

இந்த மண்ணின் பழங்குடிகளுக்கு இது முன்னமே தெரியும். பச்சீனா விரிகுடாவில் ஒரு இரவு நிலம் ஆடி, கடல் ஏறி, ஊர் முழுவதும் போனதையும், மேட்டில் வீடு இருந்தவர்கள் மட்டும் தப்பியதையும் ஹூ-ஏ-ஆட் இனத்துத் தலைவர் லூயி நூக்மிஸ் 1964இல் சொல்லியிருக்கிறார். 2005இல் ரூத் லட்வின் என்பவரும் அவரோடு சேர்ந்தவர்களும் இப்படியான கதைகளைக் கரை முழுவதும் தேடித் தொகுத்தார்கள். இடிப்பறவையும் திமிங்கிலமும் சண்டைபிடித்த கதைகள் உட்பட. அதுவரை அவை கதைகள் என்றே ஒதுக்கப்பட்டிருந்தன. ஆய்வுக்காரர் வந்து தலையாட்டியபிறகுதான் சாட்சியமாயின. இந்தத் தலையாட்டலுக்குக் காத்திருப்பது என்னவென்று எங்களுக்கும் கொஞ்சம் தெரியும்.

கூட்டம் முடிந்து அண்டாவைக் கழுவிக்கொண்டு நின்றபோது ஒரு யப்பானிய மாணவி வந்து சூப்புக்கு நன்றி சொன்னார். எந்த நாடு என்று கேட்டார். இலங்கை, முல்லைத்தீவு என்றோம். 2004இல் அங்கே இருந்தீர்களா என்றார். இருந்தோம் என்றோம். பையிலிருந்து கொப்பியை எடுத்தார்.

“கடல் முதலில் உள்ளே போனதா, அல்லது முதலிலேயே வந்ததா?”

பதினைந்து வருடத்தில் ஒருவரும் எங்களிடம் இதைக் கேட்டதில்லை. வந்தது என்றோம். முதலில் முழங்கால் அளவுக்கு வந்தது, பிறகு திரும்பிப் போனது, மிகவும் தூரம் போனது, அதற்குப் பிறகுதான் பெரியது வந்தது. அவர் தலையாட்டினார். சுமாத்திராவுக்கு வெளியே ஏறத்தாழ 1300 கிலோமீற்றர் நீளத்துக்குக் கடலடி உடைந்தபோது மேற்குப் பக்கம் எழும்பியது, கிழக்குப் பக்கம் தாழ்ந்தது. அதனால் தாய்லாந்தில் கடல் முதலில் வற்றியது. மேற்கே இருந்த உங்களுக்கு முதலில் வந்தது. நீங்கள் சொல்வது சரி, என்றார்.

நீங்கள் சொல்வது சரி. நாங்கள் மூவரும் ஒருவரையொருவர் பார்த்தோம்.

எத்தனை மணிக்கு என்று கேட்டார். எட்டரை அளவில் என்றோம். உடனே எங்களில் புவியியல் படித்தவர் குறுக்கிட்டு, கொழும்பு நேரப்படி ஒன்பது என்று திருத்தினார். அந்தப் பெண்ணுக்கு விளங்கவில்லை. 1996இல் கொழும்பு மணிக்கூட்டை மாற்றியது, வன்னியில் மாற்றவில்லை, 2006 வரைக்கும் ஒரே தீவில் அரை மணித்தியால வித்தியாசத்தில் இரண்டு நேரம் இருந்தது என்று விளங்கப்படுத்தினோம். அவர் சிரிக்கவில்லை. இது மிகவும் முக்கியம் என்று சொல்லிக் கீழே கோடிட்டு எழுதினார். 1700இன் யப்பானியப் பதிவுகளையும் பழைய நாட்காட்டியிலிருந்து இப்படித்தான் மாற்றவேண்டியிருந்தது என்றார்.

இந்த நாட்டில் எங்களைக் கேள்வி கேட்டு எழுதியவர்கள் பலர். தடுப்பில் இருந்தபோது மாதக்கணக்காகக் கேட்டார்கள். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்தப் பக்கத்திலிருந்து வந்தது, நீ எங்கே நின்றாய். ஏறத்தாழ இதே கேள்விகள்தான். அவர்கள் எழுதியது எங்கே பிழைக்கிறோம் என்று பிடிப்பதற்காக. அரை மணித்தியால வித்தியாசம் அங்கே பொய். இந்தப் பெண்ணின் கொப்பியில் அதே அரை மணித்தியாலம் ஒரு தகவல். பிறப்புச் சான்றிதழ் எங்கே என்று கேட்டபோது, எங்களில் ஒருவன் கடலில் என்றான். மொழிபெயர்ப்பாளர் அதை இரண்டு தடவை கேட்டுத்தான் ஆங்கிலத்தில் சொன்னார். அவர்கள் நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

அது நடந்தது இப்படி. முதல் அலை வந்து போனதும் எல்லோரும் நந்திக்கடல் பக்கமாக ஓடினோம். பாதி வழியில் அம்மா நின்றார். பிள்ளைகளின் பைல் அலுமாரிக்கு மேலே இருக்கிறது, பிறப்புச் சான்றிதழ், ஓஎல் முடிவு எல்லாம் அதற்குள்தான், ஓடிப்போய் எடுத்துக்கொண்டு வாறன் என்றார். தண்ணீர் போய்விட்டதுதானே என்றார். மூவரில் யாருடைய அம்மா என்று நாங்கள் எழுதவில்லை. ஒரே குச்சொழுங்கை, மூன்று பேரும் அவர் கையால் சாப்பிட்டவர்கள். மூன்று பேரும் அவர் திரும்பிப் போவதைப் பார்த்துக்கொண்டு நின்றவர்கள். அலை ஒன்றாக வராது, தொடராக வரும், முதலாவது பெரியதாக இருக்கவேண்டியதில்லை என்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

சுமாத்திராவுக்கு வெளியே நிலம் அதிர்ந்தது எங்கள் மணிக்கூட்டில் காலை ஆறரைக்கு. எங்கள் கரையில் ஒருவருக்கும் கால் அதிரவில்லை. மிஹோ ஊர்த் தலைவருக்கு நடந்ததேதான் எங்களுக்கும். எங்களுக்கு வந்ததும் அநாதை அலை. இடையில் இரண்டு மணித்தியாலம் இருந்தது. பசுபிக்குக்கு ஹவாயில் எச்சரிக்கை நிலையம் இருந்தது. இந்து சமுத்திரத்துக்கு அப்போது அப்படியொன்று இல்லை. 2011இல்தான் இந்தியாவும் இந்தோனேசியாவும் அவுஸ்திரேலியாவும் அந்தப் பொறுப்பை எடுத்தன. இரண்டு மணித்தியாலம் என்பது ஊரைச் சுமந்துகொண்டு நடந்தாலும் போதிய நேரம்.

சிலவேளை குசினியில் உருளைக்கிழங்கு தோல் சீவும்போது இதைப்பற்றிக் கதைப்போம். எங்களிடம் சொல் இல்லாமலா போனது? ‘கடற்கோள்’ என்று ஒரு சொல் எத்தனை நூற்றாண்டாக இருக்கிறது. முதற் சங்கம், இடைச் சங்கம், கடல் கொண்ட நாடு என்று பள்ளிக்கூடத்தில் மனப்பாடம் செய்து புள்ளி வாங்கினோம். பெருமைக்குப் படித்தோம். கடல் கொள்ள வந்தால் எந்தப் பக்கம் ஓடுவது என்று அந்தப் பாடத்தில் இருக்கவில்லை. சுமாத்திராவுக்குப் பக்கத்தில் சிமெலுவே என்று ஒரு தீவு. 1907இல் அங்கே ஒரு பேரலை அடித்தது. அதற்கு ‘ஸ்மொங்’ என்று பெயர் வைத்து, நிலம் பலமாக ஆடினால், கடல் வற்றினால், மலைக்கு ஓடு என்று தாலாட்டிலும் கதையிலும் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 2004இல் அலை முதலில் அடித்த இடங்களில் அதுவும் ஒன்று. ஏறத்தாழ 78,000 பேரில் ஏழு பேர்தான் இறந்தார்கள். அவர்களுக்குச் சைரன் இல்லை, சற்றலைட் இல்லை. பாட்டிமார் இருந்தார்கள். இலங்கை முழுவதிலும் 30,000க்கு மேல் போனது.

குமரிக்கண்டத்தை நிரூபிக்கப் புறப்பட்டவர்கள் யாராவது இதை வாசித்தால், நாங்கள் அதற்கு வரவில்லை. ஆனால் 2004இன் அலை முதலாவது அல்ல என்பது இப்போது தெரியும். தாய்லாந்தின் பிரா தோங் தீவில் தாய்லாந்து ஆய்வாளர்களும் அட்வாட்டரும் சேர்ந்து வெட்டிப் பார்த்து, ஏறத்தாழ 600 வருடங்களுக்கு முந்திய அலையின் மணலைக் கண்டு 2008இல் எழுதினார்கள். இலங்கையின் தெற்கே கரகன் களப்பின் அடியிலும் பழைய அலைகளின் மணற்படைகளை இலங்கை, அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்திருக்கிறார்கள். களப்புச் சேறு ஒன்றையும் மறப்பதில்லை. எங்களுடைய நந்திக்கடலின் அடியில் ஒருநாள் யாராவது குழாய் இறக்கினால், எந்தப் படையில் எது வரும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஆனாலும் இறக்கத்தான் வேண்டும். மண் மட்டும் இருந்தால் போதாது, திகதி சொல்ல மறுகரையில் ஆட்களும் வேண்டும். அந்த மறுகரை ஆட்கள் நாங்கள்தான் என்பது எங்கள் எண்ணம். அகதியாக வந்தவன் ஒவ்வொருவனிடமும் ஒரு திகதியும் ஒரு மணிநேரமும் இருக்கிறது. எழுதிவைத்தால் உதவும். கொழும்பு நேரமா, வன்னி நேரமா என்றும் சேர்த்து எழுதுங்கள்.

ஒவ்வொரு வருடமும் ஐப்பசியில் இந்த மாகாணத்தில் நிலநடுக்க ஒத்திகை நடக்கிறது. குனி, மூடு, பிடி என்று கற்பிக்கிறார்கள். எண்ணெய் கொதிக்கும் சட்டிகளுக்கு நடுவில் மேசைக்குக் கீழே பூருவது எப்படி என்று முதலாளியோடு சேர்ந்து பழகினோம். மூன்று நாளுக்குத் தேவையானதைப் பையில் கட்டி வையுங்கள் என்று துண்டுப்பிரசுரம் தந்தார்கள். எங்களுக்குப் பை கட்டக் கற்பிக்க வேண்டியதில்லை. ஆனால் அந்தத் துண்டுப்பிரசுரத்தை ஒருவரும் கேலி செய்யவில்லை. மூன்று பிரதி எடுத்துக்கொண்டோம்.

சின்னம்மா இன்னும் அதே மணல் நிலத்தில்தான், வீட்டுத்திட்டத்தில் கிடைத்த வீட்டில் இருக்கிறார். ஒருநாள் வேலை முடிந்து போன் எடுத்து, கடல் வந்தால் எங்கே ஓடுவீர்கள் என்று கேட்டோம்.

“எங்கை ராசா ஓடுறது? முன்னுக்குக் கடல், பின்னுக்கு நந்திக்கடல். அப்பவும் அப்பிடித்தான், பிறகும் அப்பிடித்தான். நீங்கள் அங்கை எங்கை ஓடுவியள்?”

மேலே ஒரு பள்ளிக்கூடம் இருக்கிறது, நடந்தால் இருபது நிமிடம் என்றோம்.

“அப்ப சரி” என்றார். எங்களைப் பற்றிய கவலை தீர்ந்த மாதிரி.

பேரனிடம் போனைக் கொடுக்கச் சொன்னோம். ஒன்பது வயது. நிலம் ஆடாவிட்டாலும் கடல் வரும், கடல் வழமைக்கு மாறாக ஏறினாலோ வற்றினாலோ கேள்வி கேட்காமல் வெளிக்கிட வேண்டும், பாலத்துக்கு எந்தப் பக்கம், முள்ளியவளைக்கு எந்தப் பாதை என்று ஒவ்வொன்றாகச் சொன்னோம். திருப்பிச் சொல்லச் சொன்னோம். சொன்னான். கடைசியாக இன்னுமொன்று இருக்கிறது, அதை மறக்கக்கூடாது என்றோம்.

“தெரியும் மாமா. முதல் அலை போனாப் பிறகும் திரும்பி வரக்கூடாது. என்ன சாமானை விட்டிட்டு வந்தாலும்.”

யார் சொல்லித் தந்தது என்று கேட்டோம். அம்மம்மா சொல்லித் தந்தவ என்றான்.